யார் பெயரைப் போடுவது

வட்டம் 21, நெய்வேலி-3
3.8.2024

அன்புள்ள தம்பி ஜெயப்பிரகாசுக்கு அக்கா அஞ்சலாட்சி எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உன் மாமாவும் நலம். உன் நலம் அறிய ஆவல். நீ வீட்டை விட்டுப் போய் ஒன்பது வருடங்கள் ஆகின்றன. தொலைபேசி எண்ணையும் மாற்றிவிட்டாய். தெரிந்தவர்களிடம் கேட்டு உன் விலாசம் பெற்றோம்.

உன் மாமா வருகிற நவம்பர் முப்பதாம் தேதி பணி ஓய்வு பெறுகிறார். அதன்பின் இந்தக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது நம் அப்பாவுக்கு ஒதுக்கிய மாற்று மனை இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. பட்டா வாங்க வாரிசுகளான நாம் இருவரும் சம்மதக் கடிதம் தர வேண்டும். படிவம் இத்துடன் இருக்கிறது. பெயர் எழுதும் இடத்தில் மாமாவின் பெயர் குழந்தைவேல் என்று நிரப்பப்பட்டுள்ளது. நீ கையெழுத்திட்டு அனுப்பினால் போதுமானது.

அம்மா கலியம்மாள் இறந்த பிறகு ஆறு வயதிலிருந்து உன்னை இந்த வீட்டில் வைத்துச் சோறு போட்டு வளர்த்தவர் மாமா என்பதை நீ மறக்கக் கூடாது.

பின்னாலிருக்கும் பலாமரம் இந்த வருஷம் காய்க்கவில்லை.

இப்படிக்கு,
கு. அஞ்சலாட்சி


ஓரகடம்
16.8.2024

அக்காவுக்கு,

ஒன்பது வருஷம் கழித்து ஒரு கடிதம். பிரித்துப் படித்தால் ஏதோ ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. 'ஒப்படைக்க வேண்டும்', 'போதுமானது'. நீ பேசுகிற பேச்சா அக்கா இது? 'வூட்டக் காலி பண்ணச் சொல்றாங்கடா பிரகாசு, எங்கடா போறது' என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் உருகிப்போயிருப்பேன்.

சோறு போட்டதை மறக்கவில்லை. எதற்குப் போட்டார் என்பதையும் மறக்கவில்லை. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு வேலை என்றார்கள். எனக்கு வயசு ஆறு. அவர் ஐ.டி.ஐ. படித்தவர், உன்னைக் கட்டிக்கொள்ள வந்தவர், வேலைக்குத் தன் பெயரை எழுதிக்கொண்டார். உன்னைவிடப் பதினாலு வயது மூத்தவர் எதற்கு அவ்வளவு அவசரமாகத் தாலி கட்டினார் என்று ஊருக்கே தெரியும்.

அப்பா அதற்கு ஒரு பத்திரம் எழுதி வாங்கினாரே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு மனப்பாடம். 'என் மகன் ஜெயப்பிரகாசுக்குப் பதினெட்டு வயது பூர்த்தியானதும் மேற்படி குழந்தைவேல் தன் வேலையை விட்டு விலகி, அதை என் மகன் வசம் ஒப்படைக்கக் கடமைப்பட்டவர்.' பாவம், வேலையையும் அவர் வயல் என்று நினைத்துவிட்டார். வரப்பைக் காட்டி, 'இந்தாடா, இனிமே நீ பாரு' என்று கொடுத்துவிடலாம் என்று. ஆள் எழுந்து போனால் வேலையும் அதோடு போய்விடும் என்று அவருக்குச் சொல்ல ஒரு நாதி இல்லை.

நானும் அதை நம்பித்தானே வளர்ந்தேன். பள்ளிக்கூடத்தில், 'உங்க அப்பா பெர்மனென்ட்டா காண்ட்ராக்ட்டா?' என்று பையன்கள் கேட்டால், 'என் வேலையை எங்க மாமா பாத்துக்கினு இருக்காரு' என்பேன். எவ்வளவு பெருமையாகச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா!

பதினெட்டு முடிந்த மறுநாள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, பத்திரத்தைப் பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அந்த ஆபீசர் இரண்டு தடவை படித்தார். சிரிக்கவில்லை. உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். 'தம்பி, இதை எழுதினது யாரு?' என்று மட்டும் கேட்டார். அந்த மனுஷன் சிரித்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

அதன்பின் ஐந்து வருஷம் அதே சுரங்கத்தில், கரி போகிற அதே பெல்ட் லைனில் காண்ட்ராக்ட். மாமா ஷிப்ட் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவார். நான் வேனில் நின்றுகொண்டு போவேன். பண்ருட்டியிலிருந்து பெண் கொடுக்க வந்தவர்கள் 'பெர்மனென்ட் இல்லையா?' என்று கேட்டுவிட்டுக் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்த அன்றைக்குத்தான் பத்திரத்தைக் கிழித்து அவர் முகத்தில் எறிந்தேன்.

வேலை அவருக்கு. குவார்ட்டர்ஸ் அவருக்கு. மிச்சமிருக்கிற மனையும் அவருக்கா? என்னால் முடியாது. படிவத்தைக் கசக்கிப் போட்டாயிற்று.

பலாமரம் ஏன் காய்க்கவில்லை?

ஜெயப்பிரகாஷ்


வெண்மதி ஜெராக்ஸ் கடை, மெயின் பஜார்
27.8.2024

பிரகாசு,

அந்தக் கடிதத்தில் என்னுடையது பலாமரம் மட்டும்தான். மற்றதெல்லாம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதியது. இரண்டு தடவை கிழிக்கச் சொல்லித் திரும்ப எழுத வைத்தார். கடைசி வரியைப் படித்து, 'இது எதுக்கு?' என்றார். 'சும்மா இருக்கட்டுங்க' என்றேன். மரத்தைக் கரண்டு கம்பியில் இடிக்கிறது என்று வெட்டிவிட்டார்கள்டா. மொட்டையாக நிற்கிறது.

உன் பதிலையும் அவர்தான் பிரித்துப் படித்தார். இனிமேல் வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. இந்தக் கடைக்கு எழுது. வெண்மதியைத் தெரியுமல்லவா? நம் வயலில் நடவு நட்ட வீராயி மகள். நிலம் இருந்ததால் நமக்கு ஒரு வேலையாவது வந்தது. அந்த நிலத்தில் குனிந்து நட்டவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண் டைப்ரைட்டிங் படித்து, யார் தயவும் இல்லாமல் இந்தக் கடையை வைத்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை நான் மாவு மில்லுக்கு என்று சொல்லிவிட்டு இங்கே வருவேன். போனில் பேசலாமே என்பாய். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும், அவர் வீட்டில் இல்லையென்றால் பிறகு யாரிடம் பேசினேன் என்று எடுத்துப் பார்ப்பார்.

கையெழுத்துப் போடாதே. அவர் பெயருக்கு மாறினால் மனையை விற்றுவிட்டு உளுந்தூர்பேட்டைப் பக்கம் அவர் அண்ணன் வீட்டோடு போய்விடுவதாகத் திட்டம். போன மாதம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பின்கட்டில் எனக்கு ஓர் அறை. தவிட்டு மூட்டை அடுக்கியிருந்தது. ஜன்னல் இல்லை. 'இது போதும்ல?' என்று அவர் அண்ணி கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டுப் பஸ்ஸில் வழி நெடுக அழுதுகொண்டே வந்தேன்.

நம் தெருவை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளமே தெரியாது. பன்னிரண்டு வீட்டில் ஐந்தில்தான் ஆள் இருக்கிறது. மற்றதெல்லாம் கதவும் ஜன்னலும் கழற்றிய கூடு. பாம்பு வருகிறது. பொங்கலுக்குத் தெருவையே அடைத்துக் கோலம் போடுவோமே, அந்த நாகர்கோவில் அக்கா ஊருக்குப் போய்விட்டாள். தஞ்சாவூர்க்காரர் போய்விட்டார். கேரளாக்காரர் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். ரிட்டயர் ஆனதும் எல்லாருக்கும் போக ஓர் ஊர் இருக்கிறது பிரகாசு. நம் ஊர் எங்கே இருக்கிறது? மண்ணை வெட்டி எடுத்துப் பள்ளம் ஆக்கியாயிற்று. நம் வீடு இருந்த இடத்தில் வெறும் ஆகாசம்தான் இருக்கிறது. எனக்கு இந்த வட்டம் இருபத்தொன்றுதான் ஊர். அதையும் காலி பண்ண வேண்டும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் அவர் சொன்னதை எழுதினாய் என்று கேட்பாய். அடிக்கிறாரா என்றால் இல்லை. கை நீட்டியதே இல்லை. குடிப்பதும் இல்லை. அவரிடம் ஒரு வார்த்தை இருக்கிறது. அதைச் சொன்னால் நான் அடங்கிப்போவேன். அது என்ன என்று மட்டும் கேட்காதே.

அக்கா


ஓரகடம்
5.9.2024

அக்கா,

கேட்காதே என்றால் எப்படிக் கேட்காமல் இருப்பது? நீ எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவள். அரிசியில் கல் இருந்தாலே இரண்டு தடவை புடைத்துப் பார்க்கச் சொல்வாய். இத்தனை வருஷம் உன்னை ஒரு வார்த்தை கட்டிப்போட்டிருக்கிறது என்கிறாய். அது என்ன மந்திரமா?

'கிளம்பி வா அக்கா' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வெட்கமாக இருக்கிறது, உன்னை உட்காரவைக்க எனக்கு இடமில்லை. ஒரே ரூம். ஆறு பேர். மூன்று பாய். பகல் ஷிப்ட் ஆள் எழுந்து போனதும் அந்தப் பாயிலேயே அடுத்த ஷிப்ட் ஆள் வந்து விழுவான். முதுகுச் சூடுகூட ஆறியிருக்காது. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனியில் நிறுத்திவிட்டு, மறுபடி புது ஆள் மாதிரி பெயர் எழுதிச் சேர்த்துக்கொள்வார்கள். முப்பத்திரண்டு வயசாகிவிட்டது. ஒன்பது வருஷமாக நான் புது ஆள்.

அதனால்தான் சொல்கிறேன், அந்த மனை உன்னிடம் இருக்க வேண்டும். ஒரு தகரக் கொட்டகை போட்டால்கூட யாரும் காலி பண்ணு என்று சொல்ல மாட்டார்கள். அதற்கு நான் கையெழுத்துப் போடத் தயார். ஆனால் நீ அவருக்குப் பயந்துகொண்டு கிடந்தால் உன் பெயரில் எழுதினாலும் மறுநாள் அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிடுவாய். எனக்குத் தெரியாதா உன்னை!

அந்த வார்த்தை என்ன? அது தெரியாமல் என் கையெழுத்து வராது.

பிரகாஷ்


மெயின் பஜார்
24.9.2024

பிரகாசு,

இரண்டு செவ்வாய் வந்து பேனாவைத் திறந்து மூடிவிட்டுப் போனேன். இன்றைக்கு வெண்மதி கடையின் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, 'எழுதிட்டுத்தான் போகணும்க்கா' என்று டீ வாங்கப் போயிருக்கிறது.

நிலம் எடுத்தபோது நம் ஊர்ப் பள்ளிக்கூட வராண்டாவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா முறை வந்தது. ஆபீசர் பேப்பரைப் பார்த்துவிட்டுக் கேட்டார். 'தங்கராசு, உங்களுக்கு ஒரு பையன் இருக்கான். ஆறு வயசு. அவன் பேரை எழுதி வைக்கலாம், வயசு வந்ததும் கம்பெனிக்காரங்க பரிசீலிப்பாங்க. இல்ல, உடனே வேலை வேணும்னா மாப்பிள்ளை பேரைப் போடலாம். யார் பேரைப் போடுறது?'

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். உன் மாமா என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போய் எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அவரும் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வேலை இருந்தால்தான் கல்யாணம் என்று அவர் வீட்டில் சொல்லியிருந்தார்கள். 'நீ சொல்லும்மா. தம்பி பேரா, மாப்ள பேரா?' என்றார் அப்பா. நீ என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கமர்கட் தின்றுகொண்டிருந்தாய்.

நான்தான்டா சொன்னேன். 'அவரு பேரைப் போடுங்கப்பா' என்று.

அவர் கேட்கவில்லை. அப்பா முடிவு பண்ணவில்லை. நான் சொன்னேன். அம்மா போய் ஒரு வருஷம். விடிந்தால் சாணி, அப்புறம் அடுப்பு, அப்புறம் களை, அப்புறம் நீ. இருபது வயசு எனக்கு. அந்த வீட்டை விட்டு வெளியே வர வேண்டும், குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற வீட்டில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. பெரிய காரணம் ஏதாவது இருந்தால் சொல்லியிருப்பேன், இல்லை. அப்பாவுக்கு மனசு உறுத்தி மறுநாளே அந்தப் பத்திரத்தை எழுதி வாங்கினார். அது செல்லும் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன். உன் வேலையைக் கொஞ்ச நாள் நாங்கள் வைத்திருக்கிறோம், பிறகு உனக்குக் கொடுத்துவிடுவோம் என்றுதான் நினைத்தேன். அம்மா சத்தியமாக.

நீ ஆபீசிலிருந்து திரும்பி வந்து அவரை 'திருடன்' என்றாயே, அப்போது அவர் என்னைப் பார்த்தார். நான் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. நீ வெளியே போன பிறகு சொன்னார். 'திருடன் பட்டம் நான் வாங்கிக்கினேன். இனிமே நீ என் பேச்சைக் கேட்டுக்கினு இரு. இல்லன்னா உன் தம்பிகிட்ட சொல்லட்டுமா?'

'சொல்லட்டுமா?' அதுதான் அந்த வார்த்தை. தையல் கிளாசுக்குப் போகாதே, சொல்லட்டுமா? வெண்மதியோடு என்ன பேச்சு, சொல்லட்டுமா? நீ சண்டை போட்டுப் போன அன்றைக்கு உன் பின்னாலேயே ஓடி வரப் பார்த்தேன். வாசலில் நின்று அதையே கேட்டார். நான் உள்ளே போய்விட்டேன். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி.

அவரை முழுக்கக் கெட்டவர் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. 'மச்சான் வேலையைப் பாத்துக்கினு இருக்கறவன்' என்று ஷிப்ட் பஸ்ஸிலேயே சிரிப்பார்களாம். அதையும் விழுங்கிக்கொண்டுதான் போய் வந்தார். அந்தக் கசப்பை வேறு எங்கே கொட்டுவார்?

சொல்லிவிட்டேன். மனையை நீயே எடுத்துக்கொள். உன் வாயில் வருவதையெல்லாம் சொல்லித் திட்டு. ஆனால் பதில் மட்டும் போடு.

அக்கா


மெயின் பஜார்
15.10.2024

பிரகாசு, பதில் இல்லை. நான் படியேறும்போதே வெண்மதி தலையை ஆட்டிவிடுகிறது. ஆயுத பூசைக்கு அவர் செக்‌ஷனில் கடைசிப் பூசை என்று என்னையும் கூட்டிப்போனார்கள். மெஷினுக்குப் பொட்டு வைத்தோம். வீட்டில் பாத்திரம் மூட்டை கட்டியாகிறது. படிவம் என்ன ஆயிற்று என்று அவர் தினமும் கேட்கிறார். இரண்டு வரி எழுது. திட்டியாவது எழுது. அக்கா.


ஓரகடம்
12.11.2024

அக்கா,

ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். கிழித்ததில் முதல் கடிதத்தை நீ படித்திருந்தால் செத்துப்போயிருப்பாய்.

கோபம் போகவில்லை. போகும் என்றும் சொல்ல மாட்டேன். எனக்குப் பெண் கிடைக்காததற்கு, வேலை நிலைக்காததற்கு, இந்தப் பாய்க்கு, எல்லாவற்றுக்கும் மாமாவைக் குறை சொல்லியே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டேன். அந்த இடத்தில் உன்னை நிறுத்திப் பார்த்தேன். நிற்கவே மாட்டேன் என்கிறாய். திட்ட வாயைத் திறந்தால், ஷிப்ட் சங்கு ஊதும்போது எனக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிட்டுக்கொண்டே ஒரு வாய் ஊட்டுவாயே, அதுதான் வருகிறது. எனக்கு இன்னும் பாதி கோபம், பாதி அழுகை. இப்படியே இருக்கட்டும்.

மனையை நீயே எடுத்துக்கொள் என்று எனக்குத் தானம் பண்ணாதே. வெண்மதியிடம் சொல்லிப் புதுப் படிவம் வரவழைத்தேன். கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

அவர் பெயர், என் பெயர், உன் பெயர். எதை எழுதினாலும் என் சம்மதம் செல்லும். பிறகு ஏன் என்று கேட்க மாட்டேன். அன்றைக்கு அப்பா கேட்டதுதான். இந்தத் தடவை தூணுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

சொல்லு அக்கா. யார் பெயரைப் போடுவது?

பிரகாஷ்


வட்டம் 21, நெய்வேலி-3
3.12.2024

பிரகாசு,

இன்றைக்குச் செவ்வாய். மாவு மில் இல்லை, ஜெராக்ஸ் கடை இல்லை. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் கட்டிலில் படுத்திருக்கிறார். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

உன் படிவம் வந்ததும் முதலில் உன் பெயரைத்தான் எழுதப் போனேன். எழுதிவிட்டால் பாவம் தீர்ந்தது என்று ஒரு நிம்மதி. 'ஜெ' போடுவதற்குள் கை நின்றுவிட்டது. அன்றைக்கும் இன்னொருத்தர் பெயருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். இன்றைக்கும் அதையே செய்தால் எனக்கு வயசு இருபதா, நாற்பத்தாறா? அஞ்சலாட்சி என்று எழுதினேன். கீழே, தந்தை அல்லது கணவர் பெயர் என்று இருந்தது. தங்கராசு மகள் என்று எழுதினேன். 'பேனா எழுதலியாக்கா, இவ்ளோ நேரம்?' என்றது வெண்மதி. இரண்டு பேருமாகப் போய் ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தோம்.

அவரிடம் முப்பதாம் தேதி வரை மூச்சுவிடவில்லை. அன்றைக்கு என்று பார்த்துப் புயல் மழை. கொட்டுகிற மழையில் செக்‌ஷன் ஆட்கள் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். மாலை நனைந்து சட்டையெல்லாம் சந்தனமும் சாயமும். சால்வை போட்டார்கள், கைகொடுத்தார்கள், ஏறிப் போய்விட்டார்கள். வாசலில் அவரும் நானும்.

'உன் தம்பி பேப்பர் வந்துச்சா?' என்றார்.

'வந்துச்சுங்க. என் பேர்ல எழுதிக் கொடுத்தாச்சு.'

நனைந்த சால்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, பழக்கம்தானே, அந்த வார்த்தை தானாக வந்தது. 'உன் தம்பிகிட்ட சொல்லட்டுமா?'

'நானே செப்டம்பர்லயே சொல்லிட்டேங்க. கையெழுத்து போட்டதே அதுக்கப்புறம்தான்.'

மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம், 'அப்ப நான் எங்க போறது அஞ்சலாட்சி?' என்றார். இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. 'அண்ணன் வூட்ல ரூம் இருக்குன்னீங்களே, ஜன்னல் இல்லாத ரூம். அது புடிக்கலன்னா என்கூட வாங்க. தகரம் போடப் போறேன். ஆனா அந்த வார்த்தைய இங்கயே வுட்டுட்டு வரணும்' என்றேன். மாலையைக் கழற்றிக் கொடுத்தார். டீ போட்டேன். எனக்கும் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லும்போது சொல்லட்டும்.

பட்டா வர எத்தனை மாதம் ஆகுமோ. அதுவரைக்கும் சாவியை வாங்காமல் இருப்பார்களா, தெரியாது. புயலில் பின்பக்கம் ஓடு இரண்டு பறந்துவிட்டது. வாளி வைத்திருக்கிறேன். எல்லாமே அப்படியேதான் இருக்கிறது பிரகாசு, ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை.

உன் கோபத்தை நீ வைத்துக்கொள். நான் கேட்க மாட்டேன். ஆனால் கொட்டகை போட்டதும் ஒரு தடவை வா. உனக்கென்று ஒரு பாய் வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைப்பேன். நீ வருகிற வரைக்கும் அதில் யாரும் படுக்க மாட்டார்கள்.

உன் அக்கா,
த. அஞ்சலாட்சி